பவழமல்லிக்கும் ஒரு நத்தம்

கேள்வி:

வணக்கம் ஐயா. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கஜா புயலில் தெருவில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டின் மேல் தென்னை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊர் ஓரத்தில் எங்கள் வயலிலேயே கொஞ்சம் தூர்த்து மாடி வீடு கட்டினோம். குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. வாசலில் 20 அடிக்கு 15 அடி மண் தரையாக விட்டிருக்கிறோம். அங்கே ஒரு சின்னப் பூமரம் நிற்க வேண்டும் என்று ஆசை. வலங்கைமானில் என் அம்மா வீட்டு வாசலில் பவழமல்லி இருக்கிறது. யாரும் எதுவும் செய்யாமலே பூத்துக் கொட்டும். அதனால் நானும் இரண்டு தடவை பவழமல்லி வாங்கி வைத்தேன். இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, செம்மண், ஆற்று மணல், எரு எல்லாம் போட்டுத்தான் வைத்தேன். ஆடியில் வைத்தது நன்றாகத் துளிர்க்கிறது. கார்த்திகையில் இலை தொங்கிப்போய்ச் சாகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றியும் பிழைக்கவில்லை. நர்சரியில் கோனோகார்பஸ் வையுங்கள், எதற்கும் சாகாது என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் அரளி வைக்கச் சொல்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. மாமனாருக்கோ மரம் என்றாலே பயம். வீட்டை ஒட்டி இன்னொரு மரம் எதற்கு என்கிறார். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

வணக்கம் அம்மா. செடி செத்ததற்கு உங்கள் கைராசி காரணமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவையும் அது தண்ணீரில் மூழ்கித்தான் செத்திருக்கிறது.

இலை தொங்கினால் செடிக்குத் தாகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களின் இடுக்கில் காற்று இருக்கிறவரைதான் வேர் வேலை செய்யும். அந்த இடுக்கெல்லாம் நாள்கணக்கில் தண்ணீரால் அடைபட்டுக் கிடந்தால் வேர் அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே செடி தாகத்தில் தொங்கிப்போகும். நீங்கள் பதறிப்போய் இன்னும் இரண்டு குடம் ஊற்றியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். உப்புத் தண்ணீரால் செத்திருந்தால் இலையின் ஓரம் முதலில் தீய்ந்து, அந்தத் தீய்ச்சல் உள்ளே பரவியிருக்கும். அப்படி நீங்கள் எழுதவில்லை. மாதமும் கார்த்திகை. எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வயலில் நெல் மட்டும் இதே தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். நெல்லின் தண்டுக்குள்ளேயே இலையிலிருந்து வேர் வரை காற்றுப் போக வழி இருக்கிறது. பவழமல்லிக்கு அந்த வசதி கிடையாது.

அம்மா வீட்டு மரம் எப்படி நிற்கிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. நம் பழைய ஊர்களில் வீடுகள் இருந்த இடம் நத்தம். சுற்றி வயல், நடுவே மேடு, மேட்டின் மேல் தெரு. காவிரி எத்தனை வழியாகப் பிரிந்து வந்தாலும், எந்த வாய்க்கால் உடைத்துக்கொண்டாலும், தண்ணீர் வடிந்து போகிற இடமாகப் பார்த்துத்தான் வீடு கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாம்பலும் குப்பையும் இடிந்த மண்சுவரும் சேர்ந்து அந்த மேடு இன்னும் உயர்ந்தது. அந்த மண் பொலபொலவென்று இருக்கும். அங்கே எதை வைத்தாலும் வரும். உங்கள் அம்மா வீட்டுப் பவழமல்லி நிற்பது அப்படிப்பட்ட வாசலில்தான் இருக்கும்.

நீங்கள் இப்போது இருப்பது வயல் மனை. பல தலைமுறையாகச் சேறடித்து நடவு நட்ட மண். சேறடிப்பதே தண்ணீர் கீழே இறங்கக்கூடாது என்பதற்காகத்தான். கலப்பையும் மாட்டுக் காலும், அப்புறம் டிராக்டர் சக்கரமும் அழுத்தி அழுத்தி, ஒரு சாணுக்குக் கீழே மண் தட்டு மாதிரி இறுகிப் போயிருக்கும். நெல்லுக்கு அது வரம். வீடு கட்டும்போது அதன் மேலேயே சவுடு கொட்டித் தூர்த்துவிடுகிறோம், அந்தத் தட்டு அடியில் அப்படியே கிடக்கிறது. இப்போது நீங்கள் வெட்டிய குழியை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் களி, அடியில் தட்டு, நடுவில் செம்மண்ணும் மணலுமாக இளகிய மண். மழை பெய்தால் வாசலில் விழும் தண்ணீரெல்லாம் எந்த இடத்தில் சுலபமாக இறங்கும்? உங்கள் குழியில்தான். இறங்கியது வெளியே போக வழியில்லை. நல்ல மண் போட்டு நீங்கள் செய்தது, செடியை ஒரு தொட்டிக்குள் உட்காரவைத்த மாதிரி ஆகிவிட்டது.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தோட்டக்கலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளி வளாகத்தில் நாற்பது கன்று வைத்தோம். மூன்றடி ஆழக் குழி, லாரி லாரியாக ஆற்று மணல். அவ்வளவு ஆழமாக எடுத்தோம் என்பதில் எனக்குப் பெருமை வேறு. அந்த ஐப்பசியில் அடைமழை. தையில் போய்ப் பார்த்தால் பிழைத்திருந்தது ஆறோ ஏழோதான். ஒரு கன்றைப் பிடுங்கியபோது குழிக்குள்ளிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. வேர் கறுத்து, தோல் உரிந்து கையோடு வந்தது. பிழைத்த கன்றுகள் எல்லாம் சுவரோரம், கட்டட வேலையில் மிஞ்சிய மண் குவிந்து கிடந்த பக்கத்தில் இருந்தவை. நாற்பதும் பள்ளிப் பிள்ளைகள் முறை போட்டுத் தண்ணீர் ஊற்றிய கன்றுகள். அந்தப் பிள்ளைகளின் முகங்களை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து டெல்டாவில் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். வயல் மனையில் மரம் வைக்கக் குழி எடுக்க வேண்டாம். நம் பெரியவர்கள் வீட்டுக்குச் செய்ததை மரத்துக்கும் செய்யுங்கள். அதற்கென்று ஒரு சின்ன நத்தம் எழுப்புங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஓரடி அகலம், ஒன்றரையடி ஆழத்தில் சும்மா ஒரு குழி எடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஒருமுறை நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றியதுதான் கணக்கு. மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் தண்ணீர் முகம் தெரிந்தால் நான் சொன்னது சரி. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற காலத்தில், சுற்றி சம்பா நிற்கும்போது இதைச் செய்தால் உண்மை இன்னும் நன்றாகத் தெரியும். பக்கத்தில் கிணறு இருந்தால் கார்த்திகையில் ஒருநாள் எட்டிப் பாருங்கள். தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவு ஆழத்துக்குத்தான் உங்கள் மரத்தின் வேர் அந்த மாதத்தில் உயிரோடு இருக்க முடியும்.

மேடு எங்கே போடுவது? வீட்டுச் சுவரிலிருந்து ஒன்பதடி, மதில் சுவரிலிருந்து ஆறடி தள்ளி நடுப்புள்ளியை வையுங்கள். செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அது வாசல் பக்கம் இருந்தால் அதிலிருந்து பத்தடியாவது விலக வேண்டும். மேலே மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டும் குழாய் மேட்டின் மேல் விழக்கூடாது. வண்டி நிறுத்தும் இடமும் கிளைக்கு நேர் கீழே வேண்டாம். பவழமல்லிக் காம்பின் சாயம் பட்டுத் துணிக்கே ஏற்றக்கூடியது, ஈரத்தோடு நசுங்கினால் சிமெண்ட் தரையிலும் கறை விடும்.

எட்டடிக் குறுக்களவில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் இருக்கும் கட்டட இடிபாடு, சிமெண்ட் கட்டி, ஜல்லி எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். சிமெண்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும், இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். பிறகு கடப்பாரையால் அந்த வட்டம் முழுக்க ஒரு முழம் ஆழத்துக்குக் குத்திக் கிளறிவிடுங்கள். கீழ்மண்ணை அள்ளி எடுக்க வேண்டாம், இளக்கினால் போதும். மேட்டு மண்ணுக்கும் தரைக்கும் நடுவே மொழுமொழுவென்று ஒரு கோடு இருந்தால் வேர் அதைத் தாண்டிப் போகத் தயங்கும்.

மேட்டுக்கு எந்த மண் என்று கேட்டால், உங்கள் வயலின் மேல்மண்தான். மூன்று பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம். கோரைக்கிழங்கு இருந்தால் மெனக்கெட்டுப் பொறுக்குங்கள், ஒன்று மிஞ்சினாலும் வாசல் முழுக்கக் கோரை வந்துவிடும். களியில் கொஞ்சமாக மணல் கலப்பதால் நன்மை எதுவும் இல்லை. காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிக்கொள்ளும், ஆற்று மணல் விற்கிற விலையில் அது வீண் செலவும்கூட. அரிசி ஆலைச் சாம்பல் சும்மா கிடைக்கிறது என்று நிறையக் கொட்டாதீர்கள், அதுவும் காரம்தான். மொத்தம் அரை யூனிட்டுக்கு, அதாவது ஐம்பது கன அடிக்கு, கொஞ்சம் மேலே மண் பிடிக்கும். நடுவில் இரண்டடி உயரம் போட்டால் மழையில் அமர்ந்து ஒன்றரையடியில் நிற்கும். கோபுரம் மாதிரிக் கூம்பாக வேண்டாம். மேலே இரண்டு முழத்துக்காவது தட்டையாக இருந்து, பிறகு மெல்லச் சரியட்டும். மேடு அகலமாக இருந்தால்தான் வேர் நாலாபக்கமும் பரவி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மாமனாரின் கவலைக்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

மேட்டின் காலடியைச் சுற்றி ஒரு கைமண்வெட்டி அகலத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால் இழுத்து, அதை வாசலின் தாழ்ந்த பக்கமாக வெளியே விட்டுவிடுங்கள். இந்த வாய்க்கால் இல்லாமல் மேடு மட்டும் போட்டால் வேலை பாதியில் நிற்கும். ஊரில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, பல வீட்டு வாசல்கள் சாலையைவிடப் பள்ளமாகிவிட்டன. உங்கள் வாசல் தண்ணீர் சாலைப் பக்கம் போகாது என்றால் கொல்லைப் பக்கமாகத் திருப்பிவிடுங்கள். சரிவில் அருகம்புல் பதித்துவிட்டால் ஐப்பசி மழை மண்ணைக் கரைக்காது. அடிமரத்தைச் சுற்றி இரண்டடிக்கு மட்டும் புல் வேண்டாம். சுற்றிச் செங்கல் அடுக்க ஆசைப்பட்டால் பூசாமல் அடுக்குங்கள்.

இனி காலம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு. உங்கள் வாசலுக்குத் தை மாதம்தான் சரி. ஆடியில் வைத்த கன்றுக்கு வேர் விட மூன்று மாதம்தான் கிடைக்கிறது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நம் பக்கம் ஒரு வருடத்து மழையில் பெரும்பகுதி அந்த அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் கொட்டுகிறது. தையில் வைத்தால் மண்ணில் ஈரம் இருக்கும், மழை ஓய்ந்திருக்கும், அடுத்த ஐப்பசிக்குள் ஒன்பது மாதம் அதற்குக் கிடைத்துவிடும். நடுவில் ஒரு கோடையைத் தாண்ட வேண்டும், அது உங்கள் கையில் இருக்கிறது. வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றலாம். மழையிலிருந்து செடியைத் தூக்கிப்பிடிக்க நம்மால் ஆகாது.

கன்றைக் கடையில் வாங்காதீர்கள். வலங்கைமானிலிருந்து கொண்டுவாருங்கள். அம்மா வீட்டு மரத்தடியில் தேடினால் தானாக முளைத்த கன்று ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும். மார்கழிக் கடைசியில், மண் ஈரமாக இருக்கும்போது, ஒரு சாண் உயரக் கன்றாகப் பார்த்து, மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே எடுத்து வந்துவிடுங்கள். கன்று கிடைக்காவிட்டால் விதை. பவழமல்லிக் காய் தட்டையாக, ஒரு நாணயம் மாதிரி இருக்கும். பழுப்பாகக் காய்ந்ததும் இரண்டாகப் பிளக்கும், பாதிக்கு ஒரு விதை. புதிய விதையைப் பையில் போட்டு நிழலில் வையுங்கள், முளைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு சாண் கன்று எப்போது மரமாவது என்று மலைக்காதீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும் மரம் இது. சின்னதாக வைத்த கன்று, ஆளுயரத்தில் வாங்கி வைத்ததைப் பெரும்பாலும் முந்திவிடும்.

நர்சரியில்தான் வாங்க வேண்டியிருந்தால் பையைக் கிழித்து வேரைப் பார்க்காமல் நடாதீர்கள். நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் பூச்செடிகளில் ஏராளமானவை ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பக்கம் இருக்கும் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. பையில் அதிக நாள் இருந்த செடிக்கு வேர் உள்ளேயே வட்டமடித்துச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் அந்த வட்டத்திலேயே நிற்கும். ஐந்து வருடம் கழித்து ஒரு காற்றில் மரம் சாய்ந்து, பார்த்தால் வேர் பை அளவுக்குத்தான் இருக்கும். சுருண்ட வேரைக் கத்தியால் மூன்று நான்கு இடத்தில் கீறிப் பிரித்துவிட்டு நடுங்கள். எந்தக் கன்றானாலும், பையில் இருந்த மண்மட்டம் மேட்டின் மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலேயே இருக்கட்டும். தண்டின் கழுத்தை மண் மூடக்கூடாது.

மற்றவர்கள் சொன்னதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோனோகார்பஸ் சாகாது என்று நர்சரிக்காரர் சொன்னது உண்மைதான். அலையாத்தி மரங்களுக்குப் பக்கத்தில் உவர்க் கரைகளில் வளர்ந்த மரம் அது, தண்ணீரையும் உப்பையும் தாங்கும். ஆனால் அதன் வேர் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடிப்போய்க் குழாய், சாக்கடை, தொட்டி என்று நுழையும். பூக்கும் காலத்தில் மகரந்தம் மூச்சுக் கோளாறு தரும் என்ற புகாரும் சேர்ந்து, குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்குத் தடை போட்டது. சின்ன வாசலில் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். மஞ்சள் அரளி அதைவிடவும் வேண்டாம். இலை, பால், பூ எல்லாமே விஷம், கொட்டை மிகக் கொடியது, இதயத் துடிப்பையே பாதிக்கும். மூன்று வயதுப் பிள்ளை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயது. பக்கத்து வீட்டில் அது மதில் தாண்டி உங்கள் பக்கம் காய் உதிர்க்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவழமல்லியைத் தவிர வேறு என்றால் நந்தியாவட்டையைத் தயங்காமல் சொல்வேன். ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும், வருடம் முழுக்கப் பூக்கும், ஆளுயரத்துக்குச் சற்று மேலே நிறுத்திவிடலாம். வெள்ளை மந்தாரையும் மயில்கொன்றையும் பத்தடிக்குள் நிற்பவை, ஆனால் அவற்றுக்கும் மேடு வேண்டும். மகிழம் எனக்கு மிகவும் பிடித்த மரம். மெதுவாகத்தான் வளரும் என்றாலும் கடைசியில் பெரிய மரம், உங்கள் இடத்துக்கு ஒத்துவராது. கொல்லையில் வாய்க்காலோரம் இடம் இருந்தால் அங்கே ஒரு பூவரசு நடுங்கள். தண்ணீர், உப்பு, காற்று மூன்றையும் தாங்க அதை விட்டால் நமக்கு ஆள் இல்லை.

இருந்தாலும் உங்கள் மனசு பவழமல்லியில் இருக்கிறது, அதை மாற்றச் சொல்ல எனக்கும் மனமில்லை. இது நம் மண்ணுக்கு அந்நியமான மரமும் இல்லை. சீர்காழியில் தல மரமே பாரிஜாதம்தான், நாம் பவழமல்லி என்று சொல்லும் அதே மரம். உங்களுக்குப் பக்கத்தில் திருக்களரில் சுவாமி பெயரே பாரிஜாதவனேசுவரர். எதுவும் எளிதில் விளையாத களர் மண்ணை ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கும் இடத்தில் பாரிஜாதம் தல மரமாக நிற்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், தைரியம் வரும்.

களர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் உங்கள் வாசல் மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? அல்லது மழை நின்ற இடம் காய்ந்ததும் தோசைக்கல் மாதிரி இறுகி வெடிக்கிறதா? அப்படியென்றால் மண்ணில் ஒரு கிலோ, போர் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். களராக, அதாவது சோடியம் மிகுந்து இறுகிய மண்ணாக இருந்தால் ஜிப்சம் போடச் சொல்வார்கள். உவராக, அதாவது வெறும் உப்பு மிகுந்த மண்ணாக இருந்தால் ஜிப்சத்தால் பயனில்லை, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவத்தான் வேண்டும். இரண்டும் வெவ்வேறு நோய். சோதிக்காமல் கடைக்காரர் சொன்னார் என்று எதையும் வாங்கிக் கொட்டாதீர்கள்.

உங்கள் மாமனாரைப் பற்றி. அவருடைய பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அந்தப் புயல் கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நான் பல நாள் தோப்பு தோப்பாக நடந்திருக்கிறேன். முப்பது நாற்பது வருடத் தென்னைகள் வேரோடு வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பிள்ளை மாதிரி வளர்த்த மரம் என்று வாய்விட்டு அழுதவர்கள் முன்னால் எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. தன் வீட்டின் மேல் அது விழுந்ததைப் பார்த்தவர் மரம் வேண்டாம் என்றால், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். தென்னை ஐம்பது அறுபதடி உயரத்தில் கொண்டையைத் தூக்கிப்பிடித்துக் காற்றை வாங்கும் மரம். பவழமல்லியைப் பத்துப் பன்னிரண்டு அடியில் நிறுத்தப் போகிறோம். சுவரிலிருந்து ஒன்பதடி தள்ளி நிற்கும். அடிமரம் ஒரு ஆளின் தொடையளவுக்கு வருவதற்கே பல வருடம் ஆகும். அப்படியே ஒரு பெரும்புயலில் சாய்ந்தாலும் கிளை வந்து ஜன்னலை உரசுமே தவிர வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு, உயரத்தை எங்கே நிறுத்துவது, எந்தக் கிளையை எப்போது வெட்டுவது என்ற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அரிவாளோ கத்தரியோ அவர் கையில் இருக்கட்டும். மரம் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும் என்று நினைக்கிறேன்.

வெட்டும் முறையை அவருக்குப் புரியும்படி எழுதுகிறேன். விட்டால் பவழமல்லி அடியிலிருந்தே பல தண்டாகப் புதர் மண்டும். முதல் இரண்டு வருடம் ஒரு நேர்த்தண்டை மட்டும் வைத்துக்கொண்டு, நான்கடி உயரம் வரை பக்கத்தில் வரும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளுவது துளிராக இருக்கும்போதே, கட்டையாக முற்றவிட்டு வெட்டினால் காயம் பெரிதாகும். பிறகு நான்கைந்து கிளையைக் குடை மாதிரிப் பரவ விடலாம். பூ புதிய கிளையில்தான் வரும். அதனால் பூ ஓய்ந்ததும், தையிலிருந்து மாசிக்குள், கிளையின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். ஆனியிலோ ஆடியிலோ கத்தரியை எடுத்தால் அந்த வருடப் பூ போய்விடும். ஐப்பசிக்கு முன்னால் காற்றுக்குப் பயமாக இருந்தால், ஒன்றோடொன்று உரசும் உள்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று எடுத்துவிடுங்கள். காற்று மரத்துக்குள் புகுந்து வெளியே போய்விடும். கன்றுக்கு முட்டுக்கொடுக்கும்போது இறுக்கிக் கட்டாதீர்கள். இரண்டு பக்கமும் கழி நட்டு, தேங்காய் நார்க் கயிற்றை எட்டு மாதிரி தளர்வாகப் போடுங்கள். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருடத்தில் கழியை எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மேட்டுக்கு ஒரு குணம் உண்டு, மழைக்கு எவ்வளவு நல்லதோ கோடைக்கு அவ்வளவு காயும். மாசியிலிருந்து ஆவணி வரை மேட்டின் உச்சியில் ஒரு முழ அகலத்துக்குச் சின்னப் பாத்தி கட்டி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம் ஊற்றுங்கள். மேலே காய்ந்த இலைதழையைப் பரப்பலாம், தண்டை ஒட்டிப் போட வேண்டாம். வைக்கோல் போட்டால் கோடையில் கரையான் வரும், கவனியுங்கள். புரட்டாசிக் கடைசியில் மறக்காமல் அந்தப் பாத்தியின் கரையை உடைத்து மேட்டைச் சமமாக்கிவிடுங்கள். இதை மறந்தால் மேட்டின் உச்சியிலேயே தண்ணீர் கட்டிக்கொள்ளும். அதன்பிறகு மழைக்காலம் முடியும்வரை ஒரு சொட்டுகூட நீங்கள் ஊற்ற வேண்டாம், இலை தொங்கினாலும் வேண்டாம்.

கோடையில் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றால் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், அதன் சுபாவம் அது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். எருவுக்கு வருடம் இரண்டு தடவை இரண்டு கூடை தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போதும். யூரியா வைத்தால் இலைதான் வரும்.

இந்த மரத்தோடு நான் குறையாகச் சொல்வது கம்பளிப்பூச்சியை மட்டும்தான். மழைக்காலத்தில் சில வருடம் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கொள்ளும். மேலே பட்டால் தடித்து அரிக்கும். குழந்தை மரத்தடியில் பூப் பொறுக்கப் போவதால் அந்த மாதங்களில் காலையில் ஒருமுறை அடிமரத்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் நீங்கள் பார்த்துவிடுங்கள். கூட்டமாக இருக்கும்போதே குச்சியால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. இலையில் இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். குழந்தை இருக்கும் வாசலில் கடுமையான பூச்சிமருந்து வேண்டாம்.

உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், இந்தக் கார்த்திகையில் மரத்தடியைப் பெருக்கும்போது முளைத்திருக்கும் கன்றுகளை விட்டுவிடச் சொல்லி. நீங்கள் அதே கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் உங்கள் வாசலில் எந்த இடத்தில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மேடு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதை அந்தக் குச்சிகளே காட்டிவிடும். தை பிறந்ததும் மண் அடியுங்கள். நட்ட பிறகு முதல் ஐப்பசி எப்படிப் போனது என்று ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன்.